வீட்டில் பயிலும் குழந்தையும் எழுத்தறிவிக்கும் முறையும்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள சத்துவாச்சாரி, முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊராகும். ஆம்பூர் வரை தோல் தொழில் பரவியுள்ள இப்பகுதியில் தமிழோடு உருதும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. இத்தகைய ஊரில் தம் குழந்தையை வீட்டிலேயே பயிற்ற விழையும் பெற்றோர்க்கு, படிப்பு தானே வந்துவிடுமா, முறைவகுத்துக் கற்பிக்க வேண்டுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இவ்வையம் தீர நம் நாட்டுக் கல்வி வரலாறு யாது கூறுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமசு மன்றோ, 1822இல் மாவட்டந்தோறும் கல்வி நிலையைக் கணக்கெடுக்கப் பணித்தார். வட ஆர்க்காட்டு ஆட்சியரும் 1823இல் தம் அறிக்கையை அளித்தார். மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றதாகக் கண்டுள்ளது. சென்னை நகரில் மட்டும் வீட்டில் பயின்றோர் 26,963 பேர் எனக் கணக்கு வந்தது. இது நகரப் பள்ளிகளில் பயின்றோரினும் பன்மடங்கு மிகுதியானது. இவ்வெண்ணில் பிழையிருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். எனினும் உறவினரிடத்தும் தனியாசிரியரிடத்தும் வீட்டில் பயின்றோர் மிகப் பலர் என்பதை அவர் மறுத்தாரல்லர். ஆகவே வீட்டுக் கல்வி நமக்குப் புதியதன்று.

அக்காலக் கற்பித்தலின் ஒழுங்கைத் திண்ணைப் பள்ளியில் தெளிவாகக் காணலாம். மாணவன் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பயின்றான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை ஓதி மனனம் செய்தான். பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கொண்டான். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாயிருந்து இளையோரைப் பயிற்றினான். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பள்ளியில் கண்ட மணலெழுத்து முறையைத் தாமும் கைக்கொண்டு, அந்த அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

மனனம் முன்னும் வாசிப்புப் பின்னுமாக அமைந்ததற்கு ஓலையின் இயல்பும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆதலின் 'பல்' என்பதும் 'பல' என்பதும் ஒரு வடிவாய் நின்றன. 'கொடு' என்பதற்கும் 'கோடு' என்பதற்கும் வேறுபாடில்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த திருத்தமே இக்குறையைத் தீர்த்தது. முன்னரே செவிவழி அறிந்த பாடலை ஓலையிற் காண்பவனுக்கே வாசிப்பு எளிதாயிற்று. அச்சு நூலில் புள்ளியும் நெடிற்குறியும் தெளிவாக உள்ளன. 1978இல் செய்யப்பெற்ற எழுத்துச் சீர்திருத்தம் வடிவங்களை மேலும் எளிமையாக்கிற்று. எனவே பழைய முறையை அவ்வாறே மேற்கொள்ளுதல் இன்று வேண்டுவதன்று.

ஆயினும் முறையே வேண்டா என்பது இதனால் பெறப்படாது. தமிழ் எழுத்துகள் 247 எனினும் 12 உயிரும் 18 மெய்யும் கூடும் நெறியை உணர்ந்தால் 216 உயிர்மெய்யும் எளிதில் அடங்கும். அந்நெறியை எடுத்துக் காட்டுவார் வேண்டும். ககரம் 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிடத்தும் வேறு வேறாக ஒலிக்கும். இதனைத் தமிழ் வழங்கும் வீட்டுக் குழந்தை செவியால் அறியும். உருது வழங்கும் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லித்தரல் வேண்டும். 'வந்துச்சு' எனக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கோ 'வந்தது' என்னும் எழுத்து வழக்கே புதியது.

மனனத்தை வாசிப்பெனக் கொள்ளுதல் அன்றும் இன்றும் நேரும் பிழையாகும். கதை முழுவதையும் ஒப்பிக்கும் குழந்தை, அக்கதையின் ஒரு சொல்லை வேறிடத்தில் கண்டு திகைக்குமாயின் அது இன்னும் வாசிக்கவில்லை என்பதே பொருள். முன்பு கேளாத நான்கு வரிகளைக் கொடுத்துப் பார்த்தலே தக்க சோதனை. அவற்றைப் படித்துப் பொருள் கூறும் குழந்தைக்குத் தனி வாசிப்புப் பாடத்திட்டம் வேண்டா, நூல்களே போதும். திகைக்கும் குழந்தைக்கு நாள்தோறும் சிறிது நேரம் ஒழுங்காகக் கற்பித்தல் இன்றியமையாதது.

மன்றோவின் கணக்கில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. வீட்டுக் கல்வி கற்றார் உள்ள வீட்டிலேயே செழித்தது; ஏனையோர்க்கு எட்டவில்லை. இதனை நினைவிற்கொண்டு, வீட்டில் பயிற்றுவோர் தம் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் எனக் காத்திருந்து காலம் போக்காது, அதன் நிலையை ஆராய்ந்து முறையை வகுத்தல் கடனாகும். கல்வி நிகழும் இடம் திண்ணையாயினும் வீடாயினும் ஆகுக. ஒழுங்கு மட்டும் ஒழியலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.