வேல்ஸ் நாட்டுக் கலைவிழாவும் இளைஞர் பரிசில்களும்

பெரிய பிரித்தானியத் தீவின் மேற்கு ஓரத்தில் வேல்ஸ் என்றொரு சிறு நாடு உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 8,000 சதுர மைல். மக்கள் தொகை ஏறத்தாழ 31 இலட்சம். ஆங்கிலம் என்னும் பெருமொழியின் வாசலிலே குடியிருந்தும் தன் சொந்த மொழியாகிய வெல்ஷ் மொழியை இன்றுவரை கைவிடாத நாடு அது. அந்நாட்டு மக்கள் ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்து முதல் வாரத்திலே ஒரு பெருவிழா எடுக்கின்றனர். அவ்விழாவுக்கு 'ஐஸ்தெத்வொட்' என்று பெயர். அமர்தல் என்ற பொருளுடைய சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. புலவரும் பாணரும் கூடி அமரும் அவை என்று நாம் பொருள் கொள்ளலாம். சங்கம் இருந்து தமிழ் ஆய்ந்தோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

இவ்விழாவின் வரலாற்றை இளைஞராகிய நாம் அறிய வேண்டியதற்குக் காரணம் உண்டு. ஒரு சிறுபான்மை மொழி தன் இளந்தலைமுறையைத் தன்பக்கம் வைத்துக்கொள்வதற்குப் பரிசும் பாராட்டும் எவ்வளவு தூரம் உதவும், எவ்விடத்தில் அவை உதவாது போகும் என்ற வினாக்களுக்கு இவ்வரலாறு விடை கூறுகின்றது.

1176ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில், தென் வேல்ஸை ஆண்ட ரீஸ் ஆப் கிரிவித் என்னும் சிற்றரசன் கார்டிகன் கோட்டையிலே புலவர்க்கும் இசைவாணர்க்கும் போட்டி வைத்தான். ஓராண்டுக்கு முன்னரே அவன் பல நாடுகளிலும் பறைசாற்றுவித்தான் என்று அந்நாட்டுப் பழைய வரலாற்றேடு கூறுகின்றது. வென்ற புலவனுக்கும் வென்ற இசைவாணனுக்கும் ஒவ்வோர் ஆசனம் பரிசாக வழங்கப்பட்டது. கவிதைப் பரிசு வடநாட்டுப் புலவருக்குச் சென்றது; இசைப் பரிசை ரீஸின் அரண்மனையைச் சேர்ந்த ஓர் இளைஞனே பெற்றான். ஆகவே, இவ்விழா தொடங்கிய நாளிலேயே பரிசுபெற்றோர் வரிசையில் ஓர் இளங்கலைஞன் இடம்பெற்றுவிட்டான் எனலாம். விழாவை ஓராண்டுக்கு முன்னரே அறிவிக்கும் வழக்கமும், புலவனுக்கு ஆசனம் அளிக்கும் வழக்கமும் இன்றும் உள்ளன.

1450ஆம் ஆண்டளவில் கார்மார்தன் நகரில் நடந்த அவையிலே வெல்ஷ் யாப்புக்குரிய 24 பாவகைகள் வரையறை செய்யப்பட்டன. நம் பாவினங்களுக்கு மோனையும் எதுகையும் அமைந்தவாறு, அம்மொழிக் கவிதைக்கு 'கிங்ஹானெத்' என்னும் ஒலியியைபு உயிர்நாடியாகும்; ஓர் அடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் பிற்பாதியிலும் முறையே வரல் வேண்டும். இவ்விலக்கணம் குருவிடம் பயின்றாலன்றிக் கைவராது. 1523இலும் 1567இலும் கெயர்விஸ் என்னும் ஊரில் கூடிய அவைகளோ, கற்ற புலவரையும் ஊர்சுற்றிப் பாடுவோரையும் பிரித்துத் தகுதியுடையோர்க்கு அங்கீகாரம் வழங்குவதையே நோக்கமாகக் கொண்டன.

ஆயின் காலம் மாறிற்று. 1536ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வேல்ஸ் இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. நீதிமன்றத்துக்கும் அரச உத்தியோகத்துக்கும் ஆங்கிலமே உரியதாயிற்று. பிரபுக்கள் இங்கிலாந்தை நோக்கினர். புலவரை ஆதரிக்கும் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மொழியைக் காத்தவர் பொதுமக்களே. 1588இல் வில்லியம் மோர்கன் வெளியிட்ட வெல்ஷ் விவிலியமும், பின்னாளில் ஊர்தோறும் நடந்த ஞாயிற்றுப் பாடசாலைகளும் ஏழை உழவனுக்கும் தாய்மொழியில் எழுத்தறிவு தந்தன. இந்நன்மையை வரலாறு கற்போர் மறைத்தல் ஆகாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் வாழ்ந்த வெல்ஷ் மக்கள் அவை மரபை மீண்டும் தூண்டினர். அவ்வேளையில் தோன்றிய விந்தை மனிதர் எட்வர்ட் வில்லியம்ஸ் (1747 - 1826). தொழிலாற் கல்தச்சர், 'இயோலோ மோர்கானுக்' என்பது அவர் புனைபெயர். 1792ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் பிரிம்றோஸ் குன்றிலே கற்களை வட்டமாக அடுக்கி, பண்டைத் துரூயித் குருமாரின் வழிவந்த புலவர் சபை இதுவெனக் கூறி 'கோர்செத்' என்னும் சடங்கை நடத்தினார். 1819இல் கார்மார்தனில் அச்சடங்கு விழாவோடு இணைந்தது. அதற்குச் சான்றாக அவர் காட்டிய ஏடுகள் பல அவராலேயே புனையப்பட்டவை என்பதைப் பின்வந்த வெல்ஷ் அறிஞரே ஆராய்ந்து நிறுவினர். ஆயினும் மக்கள் அச்சடங்கை நீக்கவில்லை. வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளோடு புலவர் ஊர்வலம் வருவது இன்றும் நடைபெறுகின்றது. பொய்யைப் பொய்யென்று ஒப்புக்கொண்டு, அதன் அழகை மாத்திரம் வைத்துக்கொண்ட நேர்மை இங்கே கருதத்தக்கது. பழம்பெருமை பேசுவதில் நாம் சளைத்தவரல்லோம். ஆதலால் இச்செய்தி நமக்கும் வேண்டியதே.

1847ஆம் ஆண்டு வேல்ஸின் கல்விநிலை பற்றி அரசாங்கம் வெளியிட்ட அறிக்கை அந்நாட்டாரை ஆழமாகப் புண்படுத்தியது. வெல்ஷ் மொழி அறியாத மூன்று ஆணையாளர் அம்மக்களின் மொழியையும் ஒழுக்கத்தையும் இழித்துரைத்திருந்தனர். பாடசாலைகள் சிலவற்றிலே, தாய்மொழி பேசிய மாணவன் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. அடுத்துப் பேசியவனுக்கு அது கைமாறும். மாலையில் யார் கழுத்தில் உள்ளதோ அவனுக்குத் தண்டனை. இத்தகைய காலத்திலேதான், 1861இல், அபர்டேர் நகரில் முதலாவது தேசிய ஐஸ்தெத்வொட் கூடியது. கடனால் சில ஆண்டுகளில் அது தளர்ந்தது. 1880இல் தேசிய ஐஸ்தெத்வொட் சங்கம் நிறுவப்பட்டபின், 1881 முதல் ஒழுங்காக நடந்து வருகின்றது. 1914இல் போரினால் விழா ஒத்திவைக்கப்பட்டது. 1940இல் வானொலி மூலமே நடந்தது. 2020இலும் 2021இலும் கொள்ளைநோயினால் மக்கள் கூட முடியவில்லை.

இவ்விழாவின் உயரிய பரிசில்கள் இரண்டு. மரபுப் பாவில் நெடுங்கவிதை இயற்றுவோருக்கு ஆசனம். கட்டற்ற யாப்பில் இயற்றுவோருக்கு முடி. 1912இல் இரெக்ஸ்ஹாம் விழாவிலே ஆசனத்தையும் முடியையும் ஒருசேர வென்றவர் ரி. எச். பாரி-வில்லியம்ஸ் என்னும் இளைஞர். அப்போது அவருக்கு வயது 24. 1915இல் பாங்கோரில் மீண்டும் இரண்டையும் வென்றார்.

அவர் பிறந்த அதே 1887ஆம் ஆண்டில் பிறந்தவர் எலிஸ் ஹம்ப்ரி எவன்ஸ். டிரௌஸ்வினித் என்னும் மலைக்கிராமத்தில் ஆடு மேய்த்த உழவர் மகன். பாடசாலைக் கல்வி சிறிதே பெற்றவர். 'ஹெத் வின்' என்பது அவர் புலமைப் பெயர். 1916இல் அபரிஸ்ட்வித் விழாவில் ஆசனப் போட்டியிலே இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டு படையிற் சேர்க்கப்பட்டு, 1917 யூலையில் பிரான்சிலிருந்தே 'வீரன்' என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு கவிதையை அஞ்சலில் அனுப்பினார். அம்மாதம் 31ஆந் திகதி பெல்ஜியப் போர்முனையில் மாண்டார், வயது 30. செப்டெம்பர் 6ஆந் திகதி பேர்க்கன்ஹெட் நகரில் விழா கூடியது. பிரதமர் லொயிட் ஜோர்ஜும் அவையிலே இருந்தார். வென்ற கவிஞரின் புனைபெயர் அழைக்கப்பட்டது, எவரும் எழவில்லை. புலவர் போரில் இறந்துபட்டார் என்று அறிவித்து, ஆசனத்தின்மேல் கருந்துணி போர்த்தினர். அவ்வாசனத்தைச் செதுக்கியவரும் போரினால் ஊரிழந்து வந்த பெல்ஜிய நாட்டுத் தச்சரே. இன்று அது அவர் வளர்ந்த வீட்டிலே பேணப்படுகின்றது. பரிசுகள் எத்தனையோ மறக்கப்பட்டன; பெறுவாரின்றி நின்ற அந்த ஆசனத்தை வெல்ஷ் மக்கள் மறக்கவில்லை.

போர் ஓய்ந்தபின், இளைஞருக்கென ஓர் இயக்கம் வேண்டுமென உணர்ந்தவர் ஈவன் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ். அவருடைய தந்தையார் ஓ. எம். எட்வர்ட்ஸ், மேலே கூறிய மரத்துண்டைச் சிறுவயதிலே தம் கழுத்தில் சுமந்தவர். பின்னர் 1907இல் வேல்ஸின் தலைமைப் பாடசாலைப் பரிசோதகரானவர். மகனார் 1922 சனவரியில், தாம் ஆசிரியராயிருந்த சிறுவர் சஞ்சிகையிலே ஒரு வேண்டுகோளை வெளியிட்டார்: தாய்மொழியில் பேசவும் படிக்கவும் உறுதிபூணும் பிள்ளைகள் ஒன்றுகூடல் வேண்டும் என்பதே அதன் சாரம். 'உர்த்' என்னும் வெல்ஷ் இளைஞர் சங்கம் அவ்வேண்டுகோளிற் பிறந்தது. 1929இல் கோர்வென் நகரில் அச்சங்கம் தன் முதல் இளைஞர் ஐஸ்தெத்வொட்டை நடத்தியது. 1939இல் எட்வர்ட்ஸ் அபரிஸ்ட்வித்தில் 7 பிள்ளைகளோடு ஒரு பாடசாலை திறந்தார். வெல்ஷ் மொழி மூலம் கற்பித்த முதல் ஆரம்பப் பாடசாலை அதுவே.

உர்த் விழா இன்றும் ஆண்டுதோறும் மே மாத இறுதியையொட்டி நடைபெறுகின்றது. ஊர்ப் போட்டி, மாவட்டப் போட்டி, தேசியப் போட்டி என்ற படிகளில் ஏறியே பிள்ளைகள் மேடைக்கு வருகின்றனர். பாட்டு, நடனம், நாடகம், ஓவியம், எழுத்து எனப் பல துறைகள் உண்டு. பிறின் டெர்வெல் என்னும் பாடகர் உழவர் குடும்பத்திற் பிறந்து, இத்தகைய மேடைகளிலே பாடிப் பழகி, உலகின் பெரிய இசையரங்குகளை அடைந்தவர். அவர் பெயரால் ஒரு புலமைப்பரிசில் உர்த் சங்கத்தால் வழங்கப்படுகின்றது. வெவ்வேறு கலைகளில் முன்னின்ற இளைஞர் சிலர் தனி மேடையொன்றில் மீண்டும் போட்டியிட்டு, ஒருவர் அதனைப் பெறுகின்றார். தேசிய விழாவிலும் இளம் ஓவியர், பாடகர், நடிகர் முதலியோருக்குத் தனித்தனிப் பரிசில்கள் உண்டு. இவை மேற்படிப்புக்கும் பயிற்சிக்கும் கைகொடுப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

பரிசு கலையைக் கெடுக்கும் என்று கூறுவாரும் உளர். போட்டிக்கென எழுதுபவன் நடுவரின் மனம்போல எழுதுவான் என்பது அவர் வாதம். அதனை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் வெல்ஷ் மக்கள் அக்கேட்டைத் தடுக்கச் சில வேலிகளை இட்டுள்ளனர். முதலாவது, எழுத்துப் போட்டியாளர் அனைவரும் புனைபெயரிலேயே அனுப்புவர். குலமும் பதவியும் நடுவருக்குத் தெரியா. இரண்டாவது, தகுதியுடைய படைப்பு இல்லையாயின் பரிசு நிறுத்தி வைக்கப்படும். 2013இல் டென்பி விழாவில் ஆசனம் எவருக்கும் வழங்கப்படவில்லை. மூன்றாவது, வென்ற படைப்புகளும் நடுவர் தீர்ப்புகளும் ஒரே நூலாக அவ்வாண்டே அச்சாகும்; தோற்றவனும் தன் குறையை அதிலே படித்தறிவான். நான்காவது, விழா ஓரூரில் நில்லாது வடக்கும் தெற்குமாக மாறி மாறிச் செல்லும்.

இவ்வேலிகள் வாசலை அடைத்துவிடவும் இல்லை. 1953இல் டிலிஸ் கட்வலடர் முடிபெற்ற முதற் பெண்மணியானார்; ஆசனத்தை ஒரு பெண் பெற 2001வரை காத்திருக்க நேர்ந்தது, அவர் மெரெரிட் ஹொப்வுட். 1985இல் ஆசனம் பெற்ற ரொபட் பவல், வெல்ஷ் மொழியைப் பின்னர் கற்றுத் தேர்ந்தவர்.

மொழி பற்றிய வினாவே இறுதியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு விழாக்களில் ஆங்கிலப் பேச்சுகள் மலிந்திருந்தன. 1950இல் கேர்பிலி விழா முதல் மேடையில் வெல்ஷ் மொழியே என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1938இல் கார்டிவ் விழாவில் தொடங்கிய கையெழுத்து மனுவின் பயனாகவே 1942இல் வெல்ஷ் நீதிமன்றச் சட்டம் பிறந்தது. இவ்வளவு இருந்தும், 1911இல் 9 இலட்சத்து 77 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்கு 43 பேருக்கு மேல், பேசிய மொழியை 2021இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம் பேரே, நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவாகவே, பேசினர். விழா மாத்திரம் ஒரு மொழியைக் காத்துவிடாது. வீட்டிலும் பாடசாலையிலும் அலுவலகத்திலும் அதற்கு இடம் வேண்டும். எட்வர்ட்ஸ் கலைவிழா நடத்தியதோடு அமையாது பாடசாலையும் திறந்ததன் காரணம் இதுவே.

எனினும், அவ்விழா இல்லாதிருந்தால் அந்த 5 இலட்சம் பேருக்குத் தம் மொழி பெருமைக்குரியது என்ற எண்ணமே அற்றுப்போயிருக்கலாம். நம் சங்கங்களும் ஆண்டுதோறும் பேச்சுக்கும் பண்ணிசைக்கும் கட்டுரைக்கும் போட்டிகள் வைக்கின்றன. முதலாம், இரண்டாம் இடங்களை வாசித்துக் கிண்ணங்களைக் கொடுத்துக் கலைந்து போவதோடு நம் கடமை முடிவதில்லை. பெயர் மறைத்துத் தீர்ப்பளிப்போம். தீர்ப்பின் காரணத்தை எழுதிக் கொடுப்போம். தகுதி இல்லாதபோது பரிசை நிறுத்தவும் துணிவோம். நகரத்து மண்டபத்தை விட்டுக் கிராமத்துக்கும் விழாவைக் கொண்டு செல்வோம். பெரியோர் வழிகாட்ட, இளைஞர் தோள்கொடுத்தால், இவற்றுள் ஒன்றேனும் அடுத்த ஆண்டு விழாவிலேயே கைகூடும்.