ஒரு ராத்தல் கூலி

பிறப்பு, இறப்பு, உணவு, நோய் இவற்றைக் கணக்கெடுத்து மக்கள்தொகையை ஆளும் அதிகாரத்தை மிஷெல் ஃபூக்கோ உயிரரசியல் என்றார். அதைத் தாராளவாதத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்பது அவர் கருத்து. 1978இல் பாரிசில் ஆற்றிய உரைகளில், 18ஆம் நூற்றாண்டு பிரான்சின் தானிய வணிகத்தை இதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். விலையில் அரசு தலையிடாவிட்டால் சந்தையே பற்றாக்குறையைச் சரிசெய்துவிடும்; மக்கள்தொகை மொத்தத்தில் பிழைக்கும்; அதற்குள் சிலர் சாவதும் கணக்கில் அடக்கம். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னை மாகாணத்தின் தாது வருஷப் பஞ்சம் காட்டுகிறது.

1876இல் மழை பொய்த்தது. சென்னை அரசு தானே தானியம் வாங்க முற்பட, தனியார் வணிகம் கெடும் என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பியது. இவர்தான் 1874இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துச் சாவைப் பெருமளவு தடுத்தவர். ஆனால் பணத்தை வாரி இறைத்தார் என்ற பழிதான் அவருக்குக் கிடைத்தது. சென்னைக்கு வந்தவர், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், மேல்செலவுக்குச் சில்லறைக் காசு என்று கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சிறைக்கைதிக்குக் கிடைப்பதைவிட இது குறைவு என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ரயில் தானியத்தைக் கொண்டுவந்து சேர்க்காமல் இல்லை. அதை வாங்கக் கூலியாட்களிடம் காசு இல்லை.

இது வெறும் கஞ்சத்தனமும் காலனியக் கொடுமையும்தானே, இதில் தாராளவாதம் எங்கே வந்தது என்று கேட்கலாம். கொடுமைதான். ஆனால் பீகாரில் ஆண்டதும் அதே காலனி அரசு, அதே டெம்பிள். இம்முறை சிக்கனமும் சந்தையில் தலையிடாமையும் முன்கூட்டியே கட்டளையாக வந்தன. ஓர் உடல் உயிரோடிருக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு போதும் என்ற கேள்வி அந்தக் கட்டளையிலிருந்து பிறந்தது. உடலை அளக்கும் அறிவு உயிரைக் காக்கவும் உதவியதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மை. கார்னிஷ் உணவு அளவுகளையும் சாவுக் கணக்கையும் வைத்துத்தான் வாதாடினார். 1877இலேயே சென்னையில் கூலி உயர்ந்தது. அதற்குள் முகாம்களில் பலர் மாண்டுபோயிருந்தனர். ஆக, குற்றம் அளவையில் இல்லை. உயிருக்கு முன்னால் வணிகத்தை வைத்த முடிவில் இருக்கிறது.

1880இல் பஞ்ச ஆணையம் நிவாரணத்தை அரசின் கடமை என்று ஏற்றது. தனியார் தானிய வணிகத்தில் தலையிடக் கூடாது என்ற விதியை மட்டும் அது கைவிடவில்லை. அந்த அறிக்கையின் வழியே வந்த பஞ்ச விதித்தொகுப்பு கையில் இருந்தும், 1896–97இலும் 1899–1900இலும் இந்தியாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியிலும் நோயிலும் இறந்தனர்.