பலாலி ஓடுபாதை

வானூர்திப் பயணம் என்றதும் நம் இல்லங்களில் ஜித்தாவும் வளைகுடா நாடுகளுமே பேச்சில் முன்னிற்கும். ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே ஊரை ஊரோடு இணைத்த சிறு விமானங்களுக்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலியின் வரலாறு அவற்றுள் கண்ணீர் மிகுந்தது.

யாழ் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய வான்படை இந்த ஓடுபாதையை அமைத்தது. போர் ஓய்ந்தபின் அது குடிமக்களுக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசம்பர் 10-ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து எழுந்து இங்கே இறங்கிச் சென்னை சென்றது. இலங்கை விடுதலை பெற அப்போது இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இருந்தன. அதற்குள் யாழ்ப்பாணத்துக்கு வானவழி திறந்துவிட்டது! எனினும் அது வசதி படைத்தோரின் வழியாகவே இருந்தது. ஏனையோருக்கு இரயில் இருந்தது. 1956 முதல் யாழ்தேவியும் ஓடியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரயில் நின்றது. பலாலியைச் சூழ்ந்த மயிலிட்டி, வசாவிளான் முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். அவர்களுடைய தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். சோனகத் தெரு வெறிச்சோடியது. ஒஸ்மானியாக் கல்லூரியில் பாடஓசை அடங்கியது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். நம் துயரை மட்டும் தனியே எடுத்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரே ஆண்டில் ஒரே குடாநாட்டில் இரு சமூகத்தார் வீடிழந்தனர் என்பதையும் சேர்த்தே எழுதுவது நீதி என நாம் கருதுகிறோம்.

எஞ்சியிருந்தோருக்குத் தரைவழி மூடிக் கிடந்த காலங்களில், ஆடம்பரமாயிருந்த வானவழியே இன்றியமையாததாயிற்று. நோயாளியும் மாணவரும் முதியோரும் அதை நாடினர். அந்த வழியிலும் உயிருக்கு உறுதியில்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கி எழுந்த லயன் ஏர் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் சில நிமிடங்களிலேயே மறைந்தது. பயணிகள் 48, பணியாளர் 7, ஆக 55 பேரும் மாண்டனர். புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியது என்று கருதப்படுகிறது. இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் சிதைவுகள் 2012-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. மீட்கப்பட்ட ஆடைகளும் பொருள்களும் 2014 ஜனவரியில் உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், உப்புநீர் ஊறிய ஒரு சட்டையைப் பார்த்துத் தன் மகனுடையது என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்!

2006 ஆகஸ்டில் கண்டி வீதி மீண்டும் மூடப்பட்டது. இராணுவத்தின் அனுமதி பெற்றோரே ஊரைவிட்டு வெளியேற முடிந்தது. போர் 2009-இல் முடிந்தது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. நோய்த்தொற்றால் 2020-இல் நின்ற அச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

மயிலிட்டியிலும் வசாவிளானிலும் நிலங்கள் பகுதி பகுதியாகவே திருப்பித் தரப்பட்டன. சோனகத் தெருவுக்கும் குடும்பங்கள் சிலவே திரும்பின. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம், பாட்டனார் சொல்லிக் கேட்ட ஊர்.