சின்னக் குழந்தைகள் டி.வி. பார்க்கலாமா?

சோறு ஊட்ட ஒரு கார்ட்டூன், அழுகையை நிறுத்த ஒரு பாட்டு, சமையல் முடியும்வரை ஓரிடத்தில் உட்கார வைக்க இன்னொன்று. குழந்தை உள்ள வீடுகளில் இது இன்று சாதாரணக் காட்சி. 'பார்த்தால் என்ன, சும்மா இருக்கிறதே' என்கிறார் ஒருவர். 'கண் கெட்டுவிடும், பேச்சு வராது' என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சுக்கும் நடுவில் குழம்பி நிற்பது பெற்றோர்தான். குழந்தை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் இதுவரை கண்டறிந்தவற்றைத் தொகுத்துப் பார்ப்போம்.

டி.வி. என்று இங்கே சொல்வது சுவரில் மாட்டிய பெட்டியை மட்டுமல்ல. செல்போனிலும் டேப்லெட்டிலும் ஓடும் வீடியோவும் இதில் அடக்கம். 'எங்கள் வீட்டில் டி.வி.யே கிடையாது' என்று சொல்லும் குடும்பங்களிலும் குழந்தையின் கையில் செல்போன் இருக்கத்தான் செய்கிறது.

மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டல்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டி.வி. வேண்டாம் என்று 1999-லேயே அறிவுறுத்தியது. 2016-ல் அதைத் திருத்தி வெளியிட்டது. 18 மாதம்வரை வீடியோ கால் தவிர வேறு திரை வேண்டாம். 18 முதல் 24 மாதம்வரை காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தரமான நிகழ்ச்சியை, பெற்றோர் கூட இருந்து காட்ட வேண்டும். 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதை ஒட்டியே இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கும் திரை வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு மணி நேரம் போதும் என்றே சொல்கிறது. பிரான்ஸ் நாடு ஒரு படி மேலே போய், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து நிகழ்ச்சி ஒளிபரப்பக் கூடாது என்று தன் நாட்டுச் சேனல்களுக்கு 2008-ல் தடை போட்டது.

திரையிலிருந்து ஏன் கற்க முடிவதில்லை?

2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளை அழைத்தார்கள். ஒரு குழுவினரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டிப் பேசினார்கள், புத்தகம் வாசித்தார்கள். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு குழு, அவர்கள் பேசுவதை டி.வி.யில் பார்த்தது. மூன்றாவது குழு ஒலியை மட்டும் கேட்டது. முடிவில், நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாடுகளைப் பிரித்து அறிந்தன. டி.வி.யில் பார்த்தவையும் ஒலியை மட்டும் கேட்டவையும் அதைக் கற்கவில்லை.

குழந்தை 'ங்கா' என்றால் தாய் 'என்ன கண்ணே' என்கிறாள். குழந்தை பந்தைப் பார்த்தால் அவளும் பார்த்து, 'பந்து' என்கிறாள். திரை இதைச் செய்யாது. அதில் வரும் உருவம் குழந்தையைப் பார்ப்பதும் இல்லை, பதில் சொல்வதும் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளாமல், கைக்குழந்தையை அறிவாளியாக்கும் என்ற நம்பிக்கையில் வீடியோ வாங்கியவர்கள் ஏராளம். அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின் 'பேபி ஐன்ஸ்டீன்' வீடியோக்கள் அப்படி விற்பனையானவை. விமர்சனம் வலுத்தபின், 2009-ல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர அந்நிறுவனம் முன்வந்தது.

யாரும் பார்க்காமல் ஓடும் டி.வி.

'குழந்தை பார்ப்பதில்லை, நாங்கள்தான் பார்க்கிறோம்' என்பார்கள் பலர். இதுவும் கணக்கில் வரும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் அவர்கள் கேட்கும் சொற்களை எண்ணினார்கள். டி.வி. சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. டி.வி. பேசும்போது வீட்டார் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதே காரணம்.

அதற்கு முந்தைய ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில், பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஓடும் அறையில் ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை விளையாட விட்டார்கள். குழந்தைகள் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒரே பொம்மையோடு விளையாடும் நேரம் சுருங்கியது. மாலை முழுக்க சீரியலோ செய்தியோ ஓடும் கூட்டுக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேகமான கார்ட்டூன்கள்

2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒன்பது நிமிடம் வேகமான கார்ட்டூன் பார்த்தது. மற்றொன்று நிதானமான கல்வி நிகழ்ச்சி பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே நடந்த சோதனையில், கவனத்தையும் பொறுமையையும் கோரும் வேலைகளில் வேகமான கார்ட்டூன் பார்த்தவர்களே பின்தங்கினார்கள். இந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை. ஆனால் மக்தபுக்கோ பள்ளிக்கோ கிளம்பும் முன் கார்ட்டூன் போடும் வழக்கத்தை விட்டுவிட இது போதுமான காரணம்.

நன்மையே இல்லையா?

இருக்கிறது; ஆனால் வயது முக்கியம். 1969-ல் தொடங்கிய 'செஸமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சி, மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க உதவியதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிதானமான, கதை புரிகிற, திரும்பத் திரும்பச் சொல்கிற நிகழ்ச்சி மூன்று வயதுக்கு மேல் பயன் தரும். கூடவே உட்கார்ந்து 'இது என்ன, ஏன் அழுகிறான்' என்று பேசினால் பயன் கூடும்.

'இஸ்லாமியக் கார்ட்டூன்தானே?'

நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆபாசமும் வன்முறையும் இல்லாத, நல்லதைச் சொல்லும் வீடியோவைத் தேர்ந்தெடுப்பது நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு மிக அவசியம். ஆனால் ஒரு வயதுக் குழந்தைக்கு உள்ளடக்கம் நல்லதா என்பது இரண்டாவது கேள்விதான். பதில் சொல்லாத திரை எதைக் காட்டினாலும் அதற்குத் திரைதான். குழந்தைக்கு ஸலாமும் பிஸ்மியும் சிறு துஆக்களும் பழக வேண்டுமானால், உம்மாவின் மடியிலும் நன்னியின் பக்கத்திலும் அவர்கள் வாயிலிருந்து கேட்பதே சிறந்த வழி.

வெளிநாட்டில் இருக்கும் அத்தா

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தந்தையர் பலர். அவர்கள் பிள்ளையோடு வீடியோ காலில் பேசுவது இந்தத் தடையில் வராது. மறுமுனையில் இருப்பவர் குழந்தையைப் பார்க்கிறார், சிரித்தால் சிரிக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார். தாய் பக்கத்தில் இருந்து 'அத்தா உன்னைத்தான் கூப்பிடுறாங்க, கையைக் காட்டு' என்று உதவினால் இன்னும் நல்லது. பேசி முடிந்ததும் செல்போனை வாங்கி வைத்துவிட வேண்டும். அப்படியே கார்ட்டூனுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது.

தூக்கமும் உணவும்

ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தூங்கும் முன் திரை பார்த்தால் தூக்கம் தள்ளிப்போகும். ஆகவே மஃக்ரிபுக்குப் பின் குழந்தைக்குத் திரை இல்லை என்று வைத்துக்கொள்வது எளிய அளவுகோல். ரமளானில் தராவீஹ் முடியும்வரை குழந்தை சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று செல்போன் கொடுப்பதும் உண்டு. அதைவிட, வீட்டார் முறை வைத்து ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு மற்றவர் தொழுவது மேல்.

திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தை என்ன சாப்பிடுகிறோம் என்பதையும் வயிறு நிறைந்ததையும் கவனிப்பதில்லை. குறைவாகச் சாப்பிட்டாலும் பரவாயில்லை. வீட்டாரோடு ஒரே ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து, தன் கையாலே சாப்பிடப் பழக்குங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. முதலில் சாப்பாட்டு நேரத் திரையை நிறுத்துங்கள். சில நாட்கள் அழும். பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சில் நின்றால் அடங்கிவிடும். ஒருவர் மறுக்க ஒருவர் கொடுத்தால் அழுகைதான் வளரும்.

2. யாரும் பார்க்காதபோது டி.வி.யை அணைத்து வையுங்கள்.

3. சமையலறையில் தாய்க்குப் பக்கத்தில் கிண்ணமும் கரண்டியும் கொடுத்து உட்கார வையுங்கள். செய்யும் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அந்தப் பேச்சுதான் குழந்தைக்குப் பாடம்.

4. தாய் ஒருத்தியே எல்லா வேலையும் பார்க்கும் வீட்டில் திரை நுழைவது அலட்சியத்தால் அல்ல, களைப்பால். தகப்பனோ வீட்டுப் பெரியவர்களோ அரை மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

5. பெரியவர்கள் எந்நேரமும் செல்போனில் இருந்தால் குழந்தையும் அதைத்தான் கேட்கும்.

ஓர் எச்சரிக்கை

மேலே சொன்ன ஆய்வுகளில் சில, டி.வி.யும் பாதிப்பும் சேர்ந்து காணப்படுவதைத்தான் சொல்கின்றன. அதுவே காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆகவே பேச்சு தாமதமாகும் குழந்தையைப் பார்த்து, 'டி.வி. பார்த்ததால்தான், நிறுத்தினால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது ஆபத்து. காது கேட்பதில் குறையும் காரணமாக இருக்கலாம். 16 மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் உதவலாம்.

சுருக்கமாக: இரண்டு வயதுவரை வீடியோ கால் தவிர திரை வேண்டாம். அதன்பின் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், நல்ல நிகழ்ச்சியை, பெரியவர் ஒருவர் கூட இருந்து காட்டலாம். சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் முன்பும் எந்த வயதிலும் வேண்டாம்.