சென்னையில் ஹாக்கி

தமிழ்நாட்டு ஹாக்கியின் தலைமைக் களம் சென்னை; அந்தக் களத்தின் மையம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு தெருக்களில் சிறுவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் கிரிக்கெட் மட்டைதான். ஆனாலும் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இந்த அரங்கில் சர்வதேசப் போட்டி என்றால், நகரம் தன் ஹாக்கிப் பாசத்தை மறைப்பதில்லை.

அந்தப் பாசத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1901-இல் தொடங்கிய ஹாக்கிப் போட்டி இன்று எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பையாகத் தொடர்கிறது. கிரிக்கெட்டின் பெயரைத் தாங்கிய ஒரு கிளப்தான் நாட்டின் பழமையான ஹாக்கிப் போட்டிகளில் ஒன்றை வளர்த்தது என்பது இந்நகரத்துக்கே உரிய சிறப்பு.

வீரர்களுக்கும் குறைவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் வி. ஜே. பீட்டர், முனீர் சேட் இருவரும் ஆடினர். பீட்டரின் தம்பி வி. ஜே. பிலிப்ஸ் 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்ற இந்திய அணிக்குத் தலைவர் வி. பாஸ்கரன். ஹாக்கியில் இந்தியா கடைசியாக வென்ற ஒலிம்பிக் தங்கம் அதுதான்.

எழும்பூர் அரங்கில் 1996, 2005 சாம்பியன்ஸ் டிராபிகள் நடந்தன. 2007 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா தென்கொரியாவை 7-2 என்று நொறுக்கியது. இருந்தாலும் இந்த அரங்கின் உச்ச இரவு 2023 ஆகஸ்ட் 12 என்றே சொல்ல வேண்டும். ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக மலேசியா 3-1 என முன்னிலை. மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில், 45-ஆம் நிமிடத்தில், பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஹர்மன்பிரீத் சிங்கும் உடனடியாக குர்ஜந்த் சிங்கும் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தனர். 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தது வெற்றி கோல். தோற்கும் நிலையிலிருந்த அணி சொந்த மண்ணில் எழுந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு மறக்கக்கூடிய ஆட்டமா அது! லீக் சுற்றில் இதே மலேசியாவை 5-0 என்று வென்றபோது முதல் கோலை அடித்தவர் அரியலூர்க்காரரான எஸ். கார்த்தி.

அந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குரிய வகை நீல டர்ஃப் இங்கே விரிக்கப்பட்டது. இத்தகைய செயற்கைத் தரையில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரத்தில் பந்து தடங்கலில்லாமல் வழுக்கிப் பாயும். வீரர் விழுந்தாலும் தோல் உராய்வது குறையும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மட்டையில் பந்து படும் 'டக்' சத்தம் கேட்கும்.

சென்னை அரங்கைக் கொடுத்தாலும், ஆட்டக்காரர்களை உருவாக்குவதில் தெற்குச் சீமையின் பங்கு பெரிது. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன கோவில்பட்டியில் ஹாக்கி ஊரின் சொந்த ஆட்டம். அவ்வூர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் கார்த்தியுடன் சேர்ந்து இந்தியாவுக்கு ஆடினார்.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. முதன்முறையாக 24 அணிகள் ஆடிய இப்போட்டியில் ஜெர்மனி கோப்பையை வென்றது. 0-2 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றது.