பெரியம்மை நீங்கிய விதம்: ஒரு வெற்றியின் மறுபக்கம்

உலகிலிருந்து ஒன்றை அடியோடு நீக்கலாம் என்றால் எதை நீக்குவது? இவ்வினாவுக்குப் பசி, போர், சாதி எனப் பல விடைகள் உண்டு. ஆனால் மனிதரைத் தாக்கும் நோய்களுள் மனித முயற்சியால் முற்றிலும் நீக்கப்பட்டது பெரியம்மை ஒன்றே. 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை அதன் ஒழிவை அறிவித்தது. அந்த முயற்சியின் மிகக் கடினமான களங்களுள் ஒன்றாக இருந்தது இந்தியா.

இங்கு இந்நோயை எதிர்கொள்ளும் முறைகள் காலனியத்துக்கு முன்பே இருந்தன. வங்காளத்தில் டீக்காதார்கள் அம்மைக் கொப்புளப் பொருளைக் கீறலில் இட்டு, சீதளா தேவி வழிபாட்டுடன் இணைத்துக் காப்பளித்தனர். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு ஜென்னரின் முறைப்படி தடுப்பூசி போடப்பட்டது. 1865இல் கல்கத்தாவிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பாலை மாற்றும் புதிய முறையோ சாதித் தீட்டு அச்சத்தைக் கிளப்பியது. ஆகவே தடுப்பூசி மீதான ஐயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

1962இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி என்பதை இலக்காகக் கொண்டது. பதிவேடுகளில் எண்ணிக்கை உயர்ந்தது, நோய் குறையவில்லை. எளிதில் கிடைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் ஊசி போடப்பட, கைக்குழந்தைகளும் இடம்பெயரும் கூலித் தொழிலாளரும் விடுபட்டனர்.

1973இல் உத்தி மாறியது. எல்லோருக்கும் ஊசி என்பதைவிட, நோயாளியைத் தேடிக் கண்டறிந்து, அவரைச் சூழ்ந்தோருக்கு ஊசி போட்டுப் பரவலை முடக்குவதே முதன்மையாயிற்று. பணியாளர்கள் நோயுற்ற குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையுடன் வீடு வீடாகச் சென்றனர். தகவல் தருவோர்க்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. அதுவரை மறைந்திருந்த நோயின் அளவு அப்போதுதான் வெளிப்பட்டது. 1974இல் ஏறத்தாழ 1,88,000 நோயாளிகளும் 31,000 மரணங்களும் பதிவாயின. மிகக் கடுமையாகத் தாக்குண்டது பீகார். டாடாநகர் ரயில் நிலையத்தின் வழியே நோய் தொலைதூரங்களுக்கும் சென்றது.

வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. பால் கிரீனோ 1995இல் வெளியிட்ட கட்டுரை, இறுதிக் கட்டத்தில் நடந்த அச்சுறுத்தலையும் வன்முறையையும் ஆவணப்படுத்துகிறது: இரவில் சூழப்பட்ட வீடுகள், உடைக்கப்பட்ட கதவுகள், பிடித்து வைத்துப் போடப்பட்ட ஊசிகள். சஞ்சய் பட்டாச்சார்யாவின் ஆய்வுகளோ, இத்திட்டம் ஒரே ஆணையின் கீழ் இயங்கிய ஒற்றைப் பொறியமைப்பு அல்ல என்கின்றன. உள்ளூர்ப் பணியாளர்களின் பேச்சும் இணக்கமும் அதைத் தாங்கின. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே மாவட்டத்தில் இரண்டும் நிகழ்ந்திருக்க முடியும்.

1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆணையம் நாட்டைப் பெரியம்மையற்றதாகச் சான்றளித்தது.

இதே காலத்தின் மற்றொரு திட்டத்தையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1958இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் நோயாளிகளின் எண்ணிக்கையை 1961இல் சுமார் 50,000 ஆகக் குறைத்தது. 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. நிர்வாகம் அதுவே, நாடும் அதுவே. பெரியம்மைக்கு விலங்குப் புகலிடம் இல்லை; கொப்புளங்கள் கண்ணுக்குத் தெரியும்; ஒரே ஊசி நெடுங்காலம் காக்கும். மலேரியாவில் கண்ணுக்குத் தெரியும் அத்தகைய அடையாளமோ நெடுங்காலம் காக்கும் ஊசியோ அமையவில்லை. கொசுவும் தேங்கிய நீரும் இடையே நின்றன.

எனவே பெரியம்மையின் வரலாற்றை அரசின் மன உறுதிக்குக் கிடைத்த பரிசாக மட்டும் வாசிப்பது தவறான பாடத்தைத் தரும். மன உறுதி போதும் என்று நம்பும் அரசு, அடுத்த நோய் வரும்போது முதலில் கதவைத்தான் உடைக்கும். கரீம்கஞ்ச் வரை நோயைத் தேடிச் சென்ற பணியாளர்களின் உழைப்பும், விருப்பமின்றி ஊசி ஏற்ற வீடுகளின் அனுபவமும் ஒரே வரலாற்றின் பகுதிகள். ஒன்றைப் போற்றுவதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.