எடின்பரோவுக்குப் போன மண்டையோடு

வெலிமடைப் பக்கத்துக் கோவாவும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் லொறி லொறியாகப் போய் இறங்கும் கெப்பெட்டிபொல, ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய ஊர். அவருடைய மண்டையோடு நூறு வருடத்துக்கு மேல் ஸ்கொட்லாந்தில் கிடந்தது.

மொனரவில கெப்பெட்டிபொல ஊவாவின் திசாவை, அதாவது மாகாணத் தலைவர். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் அந்தப் பதவியிலேயே இருந்தார். 1817இல் ஊவாவில் கலகம் மூண்டது. கடைசி நாயக்க மன்னரின் உறவினன், பெயர் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவனின் பின்னால் சனம் திரண்டது. பதுளையின் ஆங்கிலேய அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல, கலகக்காரரோடே சேர்ந்துகொண்டார். அரசு கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் எதிர்த்து நின்றார் என்று ஊவாவில் இன்றும் சொல்வார்கள்.

ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை ஊர்களைக் கொளுத்தியது, விளைச்சலையும் கால்நடைகளையும் அழித்தது. 1818 அக்டோபரில் பிடிபட்ட திசாவைக்கு நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் சிரச்சேதம். கடைசி நேரத்தில் கையிலிருந்த சிறிய பௌத்த பண நூலை சோவர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் சேர்க்கச் சொன்னார். பதுளையில் கூட வேலை பார்த்தபோது சோவர்ஸ் காட்டிய அன்புக்கான நன்றி அது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல். கலகம் வென்றிருந்தால் இந்த மனிதரைத் துரோகி என்றல்ல, தேசாபிமானி என்றே உலகம் கொண்டாடியிருக்கும் என்று எழுதும் அளவுக்கு அவருக்கு நேர்மை இருந்தது. அதே மார்ஷல்தான் மண்டையோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவி ஒருவனுடைய குணத்தையும் புத்தியையும் கணித்துவிடலாம் என்று நம்பியவர்கள் 1820இல் எடின்பரோவில் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. வாழ்ந்த மனிதரை மதித்தவர், அவர் தலையைச் சாம்பிள் ஆக்கினார். கொன்றதைவிட எனக்கு இதுவே பெரிய அவமதிப்பாகப் படுகிறது. அந்தச் சாஸ்திரம் பொய் என்று பிறகு விஞ்ஞானமே தள்ளிவிட்டது. ஆனாலும் மண்டையோடு உடனே ஊர் திரும்பவில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகுதான் அது திரும்பி வந்தது. கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள நினைவுத் தூபியில் இப்போது இருக்கிறது. அவரையும் மற்றத் தலைவர்களையும் துரோகிகள் என்று அறிவித்த பிரவுன்ரிக்கின் பிரகடனமோ 2016 வரை காத்திருந்தது. அந்த வருடம்தான் ஜனாதிபதி அதை இரத்துச் செய்து, அவர்களைத் தேசிய வீரர்கள் என்று அறிவித்தார்.

கலகம் அடங்கிச் சில பத்தாண்டுகளில் அதே ஊவா மலைகளில் கோப்பித் தோட்டங்கள் வந்தன, பின்னால் தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களுக்குத்தான் தமிழகத்திலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்தார்கள். கெப்பெட்டிபொல கதையைச் சிங்களவர் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாம் வாழும் மண்ணின் கதை இது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.